வராதவரின் பெயர்

"ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்து ஒரு பங்கை எடைபோடாதே. புதன்கிழமை மத்தியானம் யார் வீட்டு வாசலில் யாருடைய செருப்பு கிடக்கிறது என்று பார்" என்பார் என் பெரியம்மா. மயிலாப்பூரில் ரோசரி சர்ச் சாலைப் பக்கம் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்து முடித்தவர். சாந்தோம் பேராலயம் அவருக்கு நடை தூரம். 1896-ல் அர்ச்சிக்கப்பட்ட அந்தக் கோயிலின் வெள்ளைக் கோபுரம் 155 அடி. அதை அண்ணாந்து பார்க்க உலகத்தின் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். 1986 பிப்ரவரியில் போப் இரண்டாம் ஜான் பால் வந்து மண்டியிட்டு ஜெபித்த புனித தோமாவின் கல்லறை அந்தக் கோயிலின் அடியில் இருக்கிறது. பெரியம்மாவுக்கு அதில் பெருமை நிறைய உண்டு. ஆனாலும் பங்கு என்று அவர் சொன்னபோது அந்தக் கோபுரத்தைச் சொல்லவில்லை. வாசலில் கிடந்த செருப்பைத்தான் சொன்னார்.

இங்கிலாந்துக் கிராமங்களின் கோயில்களைப் பற்றிப் படிக்கும்போது அவர் பேச்சு திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்துத் திருச்சபைக்கு ஏறத்தாழ 16,000 ஆலயங்கள் இருக்கின்றன. கிராமங்களில் இருப்பவற்றில் பல, எழுநூறு எண்ணூறு வருஷத்துக் கற்கட்டடங்கள். ஊருக்கு ஒரு குரு இருந்த காலம் போய்விட்டது. இப்போது ஐந்தாறு ஊர்களை, சில இடங்களில் அதற்கும் மேலே, ஒரே குரு பார்த்துக்கொள்கிறார். இந்த வாரம் இந்த ஊரில் ஆராதனை என்றால் அடுத்த வாரம் பக்கத்து ஊரில். மற்ற நாட்களில் கோயில் சாவி ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையிடமோ ஒரு விவசாயியிடமோ இருக்கும். கூரை ஒழுகினால் பணம் திரட்டுவது, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது, தனியாக இருக்கும் கிழவரைப் போய்ப் பார்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆராதனைக்கு வருகிறவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். இதைத் தேய்வு என்கிறார்கள், தேய்வுதான். ஆனால் குருவும் இல்லை, கூட்டமும் இல்லை என்றான பிறகு ஒரு பங்கு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? அந்தச் சிலர் இந்தக் கேள்வியோடுதான் வாரம் முழுக்க வாழ்கிறார்கள். கூட்டத்தில் நிற்கிற நமக்கு அது எழுவதே இல்லை.

ஒரு குருவுக்குப் பல ஊர் என்பது நமக்குப் புதியதன்று. தென்னிந்தியத் திருச்சபையில் பல சபைகளை ஒன்றாக்கி ஒரு குருவானவரிடம் ஒப்படைப்பதைச் சேகரம் என்பார்கள். கிராமச் சேகரம் என்றால் குருவானவர் திருவிருந்துக்கு ஒரு சபைக்கு வந்துபோனால் மறுபடி வர வாரக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட நாட்களை ஓட்டுபவர் உபதேசியார். மணி அடிப்பவரும் அவர்தான், ஞாயிறு பள்ளிக்குப் பாட்டுச் சொல்லித்தருபவரும் அவர்தான். புருஷன் பெண்சாதிச் சண்டைக்கு நடு ராத்திரியில் எழுந்து போவதும், பிரசவ வலி கண்டவளுக்கு மாட்டு வண்டி பிடிப்பதும் அந்தக் காலத்தில் அவர் வேலையாகத்தான் இருந்தன. கத்தோலிக்கப் பங்குகளிலும் கிளைப் பங்குகளை உபதேசியாரும் கோயில்பிள்ளையும்தான் தாங்கினார்கள். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத்தின் வரலாற்றை மிஷனரிகளின் பெயர்களை வைத்தே எழுதிப் பழகிவிட்டோம். நாள்தோறும் அதைத் தூக்கிச் சுமந்த உபதேசியார்களுக்கு எந்தத் தெருவிலும் சிலை இல்லை.

மயிலாப்பூரில் குருமார்களுக்கும் ஆயர்களுக்கும் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. ஒரு காலத்தில் தேவைக்கு அதிகமாகவே இருந்தார்கள். லஸ் முனையில் இருக்கும் பிரகாச மாதா கோயிலின் கல்வெட்டு 1516 என்று ஆண்டு சொல்கிறது. காடாகக் கிடந்த இடத்தில் எழுந்ததால் பழைய ஆட்களுக்கு இன்றும் அது காட்டுக் கோயில். 1606-ல் சாந்தோம் மயிலாப்பூர் மறைமாவட்டம் உருவானது. அதன் ஆயரை முன்மொழியும் உரிமை போர்ச்சுகல் அரசனுக்கு. அந்த நூற்றாண்டின் பாதிக்குள் ஆங்கிலேயர் சில மைல் வடக்கே கோட்டை கட்டினார்கள். அங்கே 1642-ல் எஃப்ரேம் தெ நெவர் என்ற பிரெஞ்சு கப்புச்சின் துறவி வந்து தங்கினார். அவர் போர்ச்சுகலின் அதிகாரத்துக்கு உட்பட்டவர் அல்லர். அது பொறுக்காத போர்ச்சுகீசியர் 1649-ல் சாந்தோமுக்கு வந்தவரைப் பிடித்து, கோவாவின் மதவிசாரணை மன்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே கிறிஸ்துவை வணங்குகிறவர்கள், ஒரே திருச்சபை!

இந்த இழுபறி முன்னூறு ஆண்டுக்கு மேல் நீண்டது. ஒரே நகரத்தில் போர்ச்சுகலின் உரிமைக்கு உட்பட்ட மயிலாப்பூர் ஆயர் ஒருவர், ரோமின் நேரடி ஆளுகையில் சென்னை ஆயர் இன்னொருவர். மயிலாப்பூர் மறைமாவட்டத்தின் ஒரு துண்டு இங்கே கிடந்தது, இன்னொரு துண்டு தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம். இரண்டுக்கும் நடுவே வேறு மறைமாவட்டத்தின் நிலம். 1950-ல் போர்ச்சுகல் தன் உரிமையை விட்டுக்கொடுத்தது. 1952 நவம்பரில் இரண்டும் இணைந்து சென்னை மயிலாப்பூர் உயர்மறைமாவட்டமாகி, லூயிஸ் மத்தியாஸ் அதன் முதல் பேராயரானார்.

அந்த முன்னூறு ஆண்டும் மக்கள் என்ன செய்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். எல்லை யாருடையது என்று மேலே கடிதங்கள் பறந்துகொண்டிருந்தபோது கீழே பிள்ளைகள் பிறந்தார்கள், ஞானஸ்நானம் நடந்தது, பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள், செத்தவரைத் தோளில் சுமந்தார்கள். பூசை லத்தீனில் நடக்க, பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பீடத்தில் ஓதியது அவர்களுக்குப் புரியவில்லை. பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தவளின் பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்பது தெரிந்திருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்ததை நான் பெரும் பேறாக நினைக்கிறேன். ஆனாலும் அதற்கு முந்தைய தலைமுறைகளுக்கு விசுவாசம் தங்கியிருந்தது பெரும்பாலும் அந்தப் பின்வரிசையில்தான் என்று தோன்றுகிறது.

இங்கிலாந்தையும் சென்னையையும் தன் வாழ்க்கையால் இணைத்துக் காட்டிய ஒருவரைச் சொல்ல வேண்டும். லெஸ்லி நியூபிகின். 1936-ல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஊழியராக இங்கே வந்து, காஞ்சிபுரத்தைச் சுற்றிய கிராமங்களில் நடந்து திரிந்து தமிழ் கற்றவர். 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலையாகி ஆறு வாரம் முடிந்த நேரத்தில், கதீட்ரல் சாலையின் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபையினர் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபையானபோது அதன் முதல் ஆயர்களில் ஒருவர். வயது 37. பிறகு 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயர். ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குப் போனவர், தன் சொந்த நாட்டில் காலியான கோயில்களைப் பார்த்தார். பர்மிங்காமில் வின்சன் கிரீன் என்ற ஏழைப் பகுதியில், சிறைச்சாலைக்கு எதிரே, மூடிவிடலாம் என்று பேசப்பட்ட ஒரு சின்னச் சபை. எழுபது வயதில் அதற்குத் தானே போதகராகப் போனார். பேராயராக இருந்தவர், உலகத் திருச்சபைகளின் மாநாடுகளில் பேசியவர், விரல்விட்டு எண்ணக்கூடிய வயதானவர்களின் வீடுகளுக்கும், அக்கம்பக்கத்தில் குடியேறிய ஆசியர்களின் வீடுகளுக்கும் ஏறி இறங்கினார். காஞ்சிபுரம் கிராமங்களில் உபதேசியாரோடு நடந்த கால்கள் அவை. அந்தப் பழக்கத்தைத்தான் அங்கே கொண்டுபோனார் என்று நான் நம்புகிறேன்.

கூட்டத்தைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஆகஸ்ட் 29 மாலை பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தில் கொடியேற்றத்துக்குப் போய் நின்று பார்த்தால் கூட்டத்தின் அருமை தெரியும். காவி உடுத்தி, கால் வீங்க நடந்து வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் எந்தப் பங்கின் பதிவேட்டிலும் இல்லாதவர்களாக இருக்கலாம். நெற்றியில் குங்குமத்தோடு மெழுகுவர்த்தி ஏற்றுபவள் அங்கே உண்டு. தொப்பி அணிந்த தகப்பன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பதும் உண்டு. செப்டம்பர் 8 வரை அந்தக் கடற்கரை வீதியில் யாரும் யாரையும் "நீ யார், எந்தத் தெரு, யார் மகள்?" என்று கேட்பதில்லை. ஊராரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்த ஒரு பெண்ணுக்கு அந்த மௌனம் எவ்வளவு பெரிய இளைப்பாறுதல்! பிள்ளை இல்லாதவள், விட்டுவிட்டு வந்தவள், சொல்ல முடியாத கடனோடு இருப்பவள் எல்லாரும் அங்கே அழுதுவிட்டுப் போகலாம். அதுவும் திருச்சபை செய்கிற வேலைதான். ஆனால் அழுதவள் மறுநாள் காலையில் எழுந்தாளா என்று கூட்டத்துக்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்வதற்கென்றே கத்தோலிக்கப் பங்குகளில் இப்போது அன்பியம் இருக்கிறது. இருபது, முப்பது குடும்பங்கள் சேர்ந்தால் ஓர் அன்பியம். மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். சாந்தோமிலும் மந்தைவெளியிலும் பட்டினப்பாக்கம் பக்கத்திலும் அந்த வீடு பெரும்பாலும் ஓர் அறையும் அடுக்களையும்தான். கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, பாய் விரித்து, மேசைமேல் பைபிளும் இரண்டு மெழுகுவர்த்தியும் வைத்திருப்பார்கள். நற்செய்தியில் ஒரு பகுதியை ஒருவர் வாசிப்பார். மனத்தில் தைத்த சொல்லை ஒவ்வொருவரும் உரக்கச் சொல்வார்கள். சற்று நேரம் அமைதி. பிறகு பகிர்வு. ஏழு படிகளாகப் போகும் இந்த முறை தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்தில் உருவாகி உலகம் சுற்றி நம் தெருவுக்கு வந்தது. அதில் ஆறாவது படி எனக்கு மிகவும் பிடிக்கும். வாசித்தது போதும், இந்த மாதம் யாருக்கு என்ன செய்யப் போகிறோம் என்று கேட்கிற படி அது.

அந்தப் படியில் வரும் பேச்சைக் கேட்டால் வேதமும் தெருவும் எப்படிக் கலக்கின்றன என்று தெரியும். "மூணாம் வீட்டு டீச்சரம்மா ரெண்டு வாரமா கோயிலுக்கு வரல, யாராவது போய்ப் பாத்தீங்களா?" "அந்தத் தம்பிக்கு வேலை போயிடுச்சாம்க்கா, வெளிய சொல்லல." "பாட்டிக்குக் கண் ஆபரேஷன், கூடப் போக ஆள் வேணும்." செயலாளர் ஒரு பள்ளிக்கூட நோட்டில் வந்தவர்கள் பெயரை எழுதுவார். வராதவர் பெயரும் அதில் இருக்கும், பக்கத்தில் ஒரு புள்ளியோடு. செயலாளர் பெரும்பாலும் ஒரு பெண். ஆண்கள் இருக்கும் அன்பியங்களிலும் நடப்பதெல்லாம் பெண்கள் நடத்துவதுதான். பீடத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. பங்கு என்ற ஒன்று இருப்பதே அவர்களால் என்பதைப் பீடத்தில் நிற்பவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

அழகான படம் இது. இதோடு நிறுத்திவிட்டால் பொய் சொன்னவன் ஆவேன். ஒருவரை ஒருவர் அறிந்திருப்பதே போதும் என்றால், நம் ஊரில் கிறிஸ்தவர்கள் ஒருவரை ஒருவர் நன்றாகவே அறிந்திருந்தார்கள், யார் எந்தச் சாதி என்பது உட்பட. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோயிலுக்கு ஒரே பீடம், இரண்டு கால்களாகப் பிரிந்த மண்டபம். ஒரு காலில் வெள்ளாளர், மறு காலில் நாடார். பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம். 1910-ல் நடுவிலிருந்த தடுப்பு உடைக்கப்பட்டது. உடைத்ததை எதிர்த்து வழக்குக்குப் போனார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களின் குழிகளைப் பிரிக்கும் சுவர் இருபத்தோராம் நூற்றாண்டிலும் நின்றது. உயிர்ப்பை நம்புகிறவர்கள் எழுப்பிய சுவர்! நெருங்கிய சமூகம் என்பது பல சமயம் யாரை உள்ளே விடக்கூடாது என்பதில் நெருக்கமாக ஒத்துப்போன சமூகமாகவே இருந்திருக்கிறது. இங்கிலாந்துக் கிராமத்துக் கோயில்களிலும் பணக்காரக் குடும்பங்கள் வாடகை கட்டி முன்வரிசைப் பெட்டி இருக்கைகளைப் பூட்டி வைத்த காலம் உண்டு. ஆகவே நெருக்கம் ஒரு பங்குக்கு உரைகல்லாக முடியாது. நோட்டில் வந்தவர்களின் பட்டியல் எவ்வளவு நீளம் என்பதும் முடியாது.

பிறகு எது? முதல் வெள்ளிக்கிழமைகளில் நற்கருணையை எடுத்துக்கொண்டு நோயாளிகளின் வீட்டுக்குப் போகும் வழக்கம் நம் பங்குகளில் பழையது. குருவானவரோ நற்கருணைப் பணியாளரோ வருவார். கட்டிலருகே ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக் காத்திருப்பார்கள். என் பெரியம்மா கடைசி வருடங்களில் அப்படிக் கட்டிலில்தான் கிடந்தார். அவர் கோயிலுக்குப் போக முடியாமல் போன பிறகுதான் எங்கள் தெருவில் ஒன்று நடந்தது. அவரைப் பார்க்க வரும் சாக்கில், அதுவரை பேசிக்கொள்ளாத இரண்டு குடும்பங்கள் ஒரே அறையில் உட்கார வேண்டி வந்தது. வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் இருவர் இருவராக வருவார்கள். 1833-ல் பாரிசில் ஓசனாம் என்ற மாணவர் நண்பர்களோடு தொடங்கிய நாள் முதல் அவர்களுக்கு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதுதான் முதல் விதி. பூக்காரம்மா வருவார், அவர் கிறிஸ்தவர் இல்லை. மேல்மாடி மாமி வத்தக்குழம்பு கொடுத்தனுப்புவார். வாசலில் செருப்புகள்.

அந்தக் கட்டிலில் கிடந்தவர் எல்லாரிடமிருந்தும் வாங்கிக்கொண்டிருந்தார் என்றுதான் வெளியே தெரியும். உண்மையில் எங்களை ஒரு பங்காகக் கட்டிக்கொண்டிருந்தவர் அவர். நடக்க முடிந்தவர்கள் நாங்கள் அத்தனை பேரும் தனித்தனியாக நடந்து தனித்தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். நடக்க முடியாத ஒருவரை நோக்கி நடந்தபோதுதான் எங்கள் பாதைகள் ஒன்றையொன்று வெட்டின. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில் உடலின் வலுவற்ற உறுப்புகளே மிகவும் தேவையானவை என்கிற கருத்து வருகிறது. அதைப் பலவீனருக்குச் சொன்ன ஆறுதலாகவே பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். அது ஆறுதல் வார்த்தை இல்லை என்று நினைக்கிறேன். உடல் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றிய வெறும் செய்தி அது. வர முடியாத ஒருவரைச் சுற்றித்தான் திருச்சபை கூடுகிறது. அந்த ஒருவர் இல்லாத இடத்தில் எவ்வளவு பேர் கூடினாலும் அது கூட்டம்தான். சுவர் எழுப்பியவர்கள் இழந்தது இதைத்தான். யாரை நோக்கி நடந்திருக்க வேண்டுமோ அவரை வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். அதனால் அவர்களுக்குள்ளும் யாரும் யாரையும் நோக்கி நடக்கவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கோயில் கதவுகள் சாத்தப்பட்டபோது இதை நாடே கற்றுக்கொண்டது. சென்னையில் செப்டம்பர் வரை அவை திறக்கவில்லை. உயிர்ப்புப் பெருவிழாப் பூசையை எல்லாரும் செல்பேசித் திரையில் பார்த்தோம். திடீரென்று மொத்தப் பங்கும் கட்டிலில் கிடந்த பெரியம்மா ஆகிவிட்டது. கோயிலுக்குப் போகாமல் கிறிஸ்தவராக இருப்பது எப்படி என்று ஆண்டுக்கணக்காகத் தெரிந்து வைத்திருந்தவர்கள் அந்த நோயாளிகள்தான். தொலைபேசியில் அவர்கள் குரல் எங்களைவிடத் தெளிவாக இருந்தது. எந்த நேரத்தில் ஜெபிப்பது, தனிமை கடிக்கும்போது யாரைக் கூப்பிடுவது என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவர்கள் அவர்கள். அந்த ஆண்டு வாசலில் செருப்பு விட முடியவில்லை. மளிகைப் பையைக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு, மாடிப்படியில் நின்று குரல் கொடுத்துவிட்டுப் போனார்கள். நோட்டு இருந்த தெருக்களில் யாருக்கு மாத்திரை தீர்ந்தது என்று தெரிந்திருந்தது. நோட்டு இல்லாத இடங்களில் தெரியவில்லை.

இப்போது மயிலாப்பூர் முழுக்க மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். காட்டுக் கோயிலுக்குப் போகிற லஸ் முனை, மந்தைவெளி, அடையாறு எல்லாம் தகரத் தடுப்புகள். அந்தத் தடுப்புகளுக்குப் பின்னே மஞ்சள் தலைக்கவசத்தோடு வேலை செய்யும் வடநாட்டுப் பிள்ளைகளில் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். சோட்டாநாக்பூரில் 1885-ல் லீவென்ஸ் என்ற பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு போய்ச் சேர்ந்து, நிலத்தைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த முண்டா, ஓராவோன் மக்களுக்காகக் கோர்ட் வழக்குகளில் துணை நின்ற காலத்திலிருந்து அங்கே கத்தோலிக்கர் ஏராளம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களில் மூன்று நான்கு பேர் பூசைக்கு வந்து, கடைசித் தூணருகே நின்று, தமிழில் எதுவும் புரியாமல், மற்றவர்கள் எழும்போது எழுந்து, மண்டியிடும்போது மண்டியிட்டுப் போகிறார்கள். அந்தப் பின்வரிசையில் ஒரு காலத்தில் லத்தீன் புரியாத நம் பாட்டிகள் இருந்தார்கள். போன மாத அன்பியத்தில் ஆறாவது படி வந்தபோது ஓர் அம்மா கேட்டார்: "அந்தப் பசங்கள்ல ஒருத்தன் மூணு வாரமா காணோமே, ஊருக்குப் போயிட்டானா, அடிகிடி பட்டுடுச்சா?" யாருக்கும் தெரியவில்லை. பெயரும் தெரியவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு இந்தி வரும். அவரும் அந்த அம்மாவும் வருகிற புதன்கிழமை சாயங்காலம் ஷிப்ட் முடிகிற நேரம் பார்த்து அவர்கள் தங்கியிருக்கும் தகரக் கொட்டகைக்குப் போவதாக ஏற்பாடு. செயலாளர் நோட்டில் ஒரு வரியைக் காலியாக விட்டு, பக்கத்தில் புள்ளி வைத்திருக்கிறார்.